முதல் நிரல் எந்த வாசல் வழியே நுழையும்?

ஃப்ளாப்பி டிரைவ் கரகரக்கிறது, எதையும் படிப்பதில்லை. சிடி டிரைவின் தட்டு வெளியே வருகிறது, வட்டைப் போட்டால் கண்டுகொள்வதில்லை. யுஎஸ்பி துளை இருக்கிறது, அதிலிருந்து கணினியைத் தொடங்கும் வசதி பயாஸில் இல்லை. இந்த நிலையில் உள்ள பழைய கணினியில் இயங்குதளத்தை நிறுவ முடியுமா, முடியுமென்றால் எந்த வழியில்?

இந்தக் கேள்விக்கு விடைகள் குறைவில்லை. டிரைவைப் பழுது பார்க்கச் சொல்வோர் உண்டு. ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டச் சொல்வோர் உண்டு. வலைவழியே தொடங்கச் சொல்வோரும், உள்ளே ஏற்கெனவே இருக்கும் இயங்குதளத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்வோரும் உண்டு. ஒவ்வொரு விடையும் ஒரு காலத்து வன்பொருளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. காலம் தவறிய கணினியில் அதையே செய்து பார்த்தால் பாதியில் நிற்கிறது. பெரும்பாலான விளக்கங்கள் கணினியை எப்படித் தொடங்குவது என்பதோடு முடிந்துவிடுகின்றன. நிறுவல் முறிவதோ பெரும்பாலும் அதற்கு அடுத்த கட்டத்தில்தான். இந்தக் கட்டுரை விடைகளை எடைபோடும்போது அந்த இரண்டாம் கட்டத்தையே முதன்மையாகக் கவனிக்கிறது.

கேள்வியின் வயது

வெறுமையாக இருக்கும் நினைவகத்தில் முதல் நிரலை யார் வைப்பது என்பது கணினியோடு பிறந்த சிக்கல். 1952இல் வந்த ஐபிஎம் 701இல் இதற்கென்று ஒரு 'லோடு' பொத்தான் இருந்தது. 1965இல் டெக் நிறுவனம் வெளியிட்ட பிடிபி-8இன் அடிப்படை வடிவில் முகப்புப் பலகையின் விசைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒரு குட்டி ஏற்றி நிரலை மனிதரே நினைவகத்தில் பதிக்க வேண்டும். அது காகித நாடாவிலிருந்து தன்னைவிடப் பெரிய ஏற்றியைப் படிக்கும். அந்த ஏற்றி மற்றவற்றைப் படிக்கும். 1975இன் ஆல்டேர் 8800க்கும் இதே சடங்குதான். வேலை செய்யும் டிரைவ் இல்லை என்பது அன்று கோளாறு அல்ல, இயல்பு நிலை.

1981இல் வந்த ஐபிஎம் பிசி இந்த வேலையை ரோம் சிப்பில் உள்ள பயாஸிடம் கொடுத்தது. பயாஸ் செய்வது மிகக் குறைவு. ஃப்ளாப்பியின் முதல் 512 பைட்டுகளை எடுத்து, நினைவகத்தின் 7சி00 என்ற முகவரியில் வைத்து, பொறுப்பை அவற்றிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. 1983இன் எக்ஸ்டி முதல் ஹார்டு டிஸ்கும் இந்த வரிசையில் சேர்ந்தது. முதல் பிசியில் ஃப்ளாப்பி டிரைவே இல்லாவிட்டாலும் ரோமிலிருந்த பேசிக் மொழி திரையில் வந்து நிற்கும். கேசட் நாடாவில் நிரலைச் சேமிக்கலாம். பின்னால் வந்த குளோன்களில் அந்த பேசிக் இல்லை. டிரைவ் போனால் கறுப்புத் திரையில் ஒரு பிழைச்செய்தி மட்டுமே.

எவற்றைப் படிக்கத் தெரியும் என்பது பயாஸ் எழுதப்பட்ட நாளோடு உறைந்துவிடுகிறது. சிடியிலிருந்து தொடங்கும் முறையை ஐபிஎம்மும் ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸும் 'எல் டோரிட்டோ' என்ற பெயரில் வெளியிட்டது 1995 ஜனவரியில். அதற்கு முந்தைய பயாஸுக்கு சிடி டிரைவ் கண்ணில் படுவதே இல்லை. யுஎஸ்பியின் கதை இன்னும் இழுபறி: துளை 1990களின் பிற்பகுதியில் வந்துவிட்டது, பென் டிரைவிலிருந்து நம்பித் தொடங்கும் வசதி பரவியது 2000களின் நடுவில். இடைப்பட்ட ஆண்டுகளில் விற்ற கணினிகளே இந்தக் கேள்வியை அதிகம் எழுப்புகின்றன. அவற்றிலும் சிக்கலானவை சிறு மடிக்கணினிகள். 1990களின் பின்பாதியில் வந்த தோஷிபா லிப்ரெட்டோ 50, 70 மாதிரிகளில் சிடி டிரைவும் இல்லை, உள்ளே பொருத்திய ஃப்ளாப்பி டிரைவும் இல்லை. பிசிஎம்சிஐஏ துளையில் செருகும் தனி ஃப்ளாப்பி டிரைவை மட்டுமே அவற்றின் பயாஸ் அறியும். அந்தத் துணைக்கருவி தொலைந்த லிப்ரெட்டோக்களும் இன்று கைமாறுகின்றன.

இனி இரண்டாம் கட்டம். பயாஸ் கைகொடுப்பது தொடக்கத்துக்கு மட்டும். லினக்ஸ் கெர்னலோ விண்டோஸ் என்டி வகை நிறுவியோ செயலியைப் பாதுகாக்கப்பட்ட நிலைக்கு மாற்றியதும் பயாஸின் சேவைகளைக் கைவிட்டு, தன் சொந்த டிரைவர்களைக் கொண்டு வன்பொருளைத் தேடத் தொடங்குகிறது. தான் எந்த ஊடகத்திலிருந்து ஏறி வந்ததோ அதே ஊடகத்தை அப்போது மீண்டும் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் நிறுவித் திரை அழகாக வந்து நின்று, 'சிடியைக் காணோம்' என்று சொல்லும்.

டிரைவையே மீட்பது

மிகப் பழைய விடை, இன்றும் சில இடங்களில் சரியான விடை. ஃப்ளாப்பி டிரைவின் தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைப்பது, ரப்பர் பெல்ட் உள்ள மாதிரிகளில் பெல்ட்டை மாற்றுவது, மேசைக் கணினியாக இருந்தால் 34 ஊசிக் கம்பியில் வேறொரு டிரைவை மாட்டுவது எல்லாம் அரை மணி நேர வேலை. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் உதிரி தேடிப் பழகியவர்கள் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

சிடி டிரைவ் விஷயத்தில் ஒரு தவறான முடிவுக்கு வருவது எளிது. வேலை செய்யவில்லை என்று ஒதுக்கப்படும் பழைய டிரைவ்களில் சில, உண்மையில் நாம் எழுதிப் போடும் வட்டைத்தான் படிக்க மறுக்கின்றன. அச்சிட்ட சிடி ஏறத்தாழ 70 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். அழித்தெழுதும் சிடி-ஆர்டபிள்யூ அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே அனுப்பும். 1990களின் முற்பாதி லேசர்கள் இந்த மங்கலுக்கு வடிவமைக்கப்படவில்லை. ஒருமுறை மட்டும் எழுதும் சிடி-ஆரில், குறைந்த வேகத்தில் எழுதிப் பார்க்காமல் டிரைவைக் குற்றம் சொல்வது அவசரம்.

ஃப்ளாப்பிக்கு மாற்றாகக் கோடெக் வகை எமுலேட்டர்கள் பிரபலம். பழைய ஆலை இயந்திரங்களுக்கும் இசைக் கருவிகளுக்கும் விற்கப்பட்டு வந்த இந்தப் பெட்டி, பென் டிரைவில் உள்ள வட்டுப் பிம்பத்தை ஃப்ளாப்பியாகக் காட்டுகிறது. கீர் ஃப்ரேசர் எழுதிய 'ஃப்ளாஷ் ஃப்ளாப்பி' என்ற திறந்த மூல ஃபர்ம்வேரை ஏற்றினால் பல வகைக் கணினிகளோடு ஒத்துப்போகிறது. மேசைக் கணினிக்கு இது நல்ல தீர்வு. மடிக்கணினியின் தட்டைக் கம்பியும் இடமின்மையும் இதற்கு எளிதில் வழிவிடுவதில்லை.

இந்த வழியின் பெரிய குறை வேறு. டிரைவ் உயிர்பெற்றாலும் ஃப்ளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்பிதான். விண்டோஸ் 95ஐ மைக்ரோசாஃப்ட் ஃப்ளாப்பியில் விற்றபோது, பெரும்பாலானவற்றில் 1.68 எம்பி பிடிக்கும்படி வட்டை நெருக்கி எழுதியும் 13 வட்டுகள் தேவைப்பட்டன. வழக்கமான வசதிகளோடு இன்றைய லினக்ஸ் கெர்னல் ஒரு ஃப்ளாப்பியில் அடங்காது. சோனி 2011 மார்ச்சோடு ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்திக்கொண்டது. கையில் கிடைக்கும் வட்டுகள் எல்லாமே வயதானவை. ஆக, டிரைவை மீட்பது முதல் கட்டத்தைத் தாண்ட உதவும். மீதிக் கோப்புகள் வர வேறு வழி தேட வேண்டும்.

ஹார்டு டிஸ்கைக் கழற்றி எடுத்துப்போவது

கணினிக்கு வட்டு வராவிட்டால் கணினியின் வட்டை வேறு கணினிக்குக் கொண்டுபோகலாம் என்பது இந்தத் தரப்பின் வாதம். ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டர் மலிந்த பிறகு இதுவே பெரும்பாலோர் சொல்லும் முதல் யோசனை. யோசனை நல்லதுதான். சொல்பவர்கள் ஒப்புக்கொள்வதைவிட அதில் பொறிகள் அதிகம்.

முதல் பொறி கைக்கருகிலேயே இருக்கிறது. மடிக்கணினியின் 2.5 அங்குல ஐடிஇ டிஸ்கில் 44 ஊசிகள், 2 மில்லிமீட்டர் இடைவெளியில்; மின்சாரமும் அவற்றின் வழியேதான் வரும். அந்த வரிசைக்குச் சற்றுத் தள்ளி ஜம்பருக்கென்று இன்னும் நான்கு ஊசிகள் நிற்கும். அடாப்டரை ஒரு வரிசை தள்ளியோ தலைகீழாகவோ செருகி மின்சாரம் கொடுத்தால் டிஸ்கின் கதை அங்கேயே முடியலாம். இருபதாவது ஊசி இருக்க வேண்டிய இடம் காலியாக விடப்பட்டிருப்பது திசை தவறாமல் இருக்கத்தான். ஆனால் மலிவு அடாப்டர்கள் சிலவற்றில் அந்தத் துளை அடைக்கப்படாமல், எப்படி வைத்தாலும் உள்ளே போகும்.

அடுத்தது கணக்கு. பழைய பயாஸ் வட்டை சிலிண்டர், தலை, செக்டர் என்று எண்ணும். 1,024 சிலிண்டர், 16 தலை, 63 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட்டு எனப் பெருக்கினால் 52,84,82,304 பைட்டு. இதுதான் 504 எம்பி எல்லை. தலைகளை 255 ஆக்கும் மொழிபெயர்ப்பு வந்தபின் எல்லை ஏறத்தாழ 8.4 ஜிபிக்கு உயர்ந்தது. 28 பிட் முகவரி 137 ஜிபியில் நின்றது. வட்டைப் பிரித்த கணினி ஒரு கணக்கிலும், அதைத் தொடங்கவேண்டிய கணினி வேறு கணக்கிலும் எண்ணினால், பூட் செக்டர் தவறான இடத்தைப் படிக்கும். லிலோ ஏற்றியைப் பயன்படுத்தியவர்களுக்குத் திரையில் 'எல்', 'ஐ' என்ற இரண்டு எழுத்துகளோடு கணினி உறைந்து நிற்பது பழக்கமான காட்சி. இரண்டாம் பகுதி ஏறியும் ஓட முடியவில்லை என்பது அதன் பொருள். வழக்கமான காரணம் இந்தக் கணக்குப் பிசகுதான். பூட் செய்யும் பார்ட்டிஷனை வட்டின் தொடக்கத்தில் சிறியதாக வைப்பது இதற்கான பழைய, இன்றும் செல்லுபடியாகும் முன்னெச்சரிக்கை.

மூன்றாவது பொறிதான் இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்தது. விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவை நிறுவப்படும்போது அந்தக் கணினியின் ஐடிஇ கட்டுப்பாட்டுச் சிப்புக்கும் பலகைக்கும் ஏற்ற டிரைவரை மட்டும் தொடக்கப் பட்டியலில் எழுதிக்கொள்கின்றன. வேறு கணினியில் முழுமையாக நிறுவி வட்டை மாற்றினால், வேறு தயாரிப்பின் சிப்பைக் கண்டதும் நீலத்திரையில் 7பி என்று முடியும் பிழை எண்: தொடக்க வட்டை அணுக முடியவில்லை. விண்டோஸ் 98 இதில் இளகிய மனம் கொண்டது. புதிய பலகையைக் கண்டால் எல்லாவற்றையும் மறுபடி அடையாளம் கண்டு, கேப் எனப்படும் நிறுவல் கோப்புகளைக் கேட்கும். அவை வட்டிலேயே இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடும். லினக்ஸ் பொதுவாக இதைவிடத் தாராளம் என்றாலும், டெபியன் வகையில் தொடக்க நினைவகப் பிம்பத்தை அந்தக் கணினிக்குத் தேவையானவை மட்டும் என்று சுருக்கிக் கட்டியிருந்தால் அதே தொல்லைதான். பழைய கெர்னலில் எச்டிஏ என்றிருந்த வட்டின் பெயர் புதிய கெர்னலில் எஸ்டிஏ ஆனதும் பல நிறுவல்களை முடக்கியிருக்கிறது. பெயருக்குப் பதில் பார்ட்டிஷனின் அடையாள எண்ணை எழுதுவது அதற்குத் தீர்வு.

இவற்றை வைத்துப் பார்த்தால், இந்த வழியை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. நிறுவி முடித்த அமைப்பை வட்டோடு கொண்டுவருவது ஒன்று. நிறுவும் கோப்புகளை மட்டும் வட்டில் வைத்து, அதைத் தொடங்கக்கூடியதாகச் செய்து, சொந்தக் கணினியில் மாட்டியபின் நிறுவலை ஓடவிடுவது மற்றொன்று. இரண்டாவதில் வன்பொருளை அடையாளம் காணும் வேலை உரிய கணினியிலேயே நடக்கிறது. டாஸ் பூட் ஆகும் ஒரு பார்ட்டிஷன், அதில் விண்டோஸ் 98இன் நிறுவல் கோப்புறை அல்லது எக்ஸ்பியின் ஐ386 கோப்புறை, இவ்வளவே போதும். எக்ஸ்பி என்றால் டாஸில் ஸ்மார்ட் டிரைவ் என்ற இடைச்சேமிப்பு நிரலை முதலில் ஓட்ட மறக்கக்கூடாது. மறந்தால் கோப்பு நகலெடுக்கும் கட்டம் மட்டுமே மணிக்கணக்கில் இழுக்கும். இரண்டு வகைகளையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவதே இந்த வழியைப் பற்றிய முரண்பட்ட தீர்ப்புகளுக்குக் காரணமாக இருக்கலாம்.

ஹார்டு டிஸ்கும் இறந்துவிட்டால் காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டை கைகொடுக்கிறது. அது தன்னளவில் ஐடிஇ மொழி பேசக்கூடியது என்பதால் அடாப்டருக்கு மூளை தேவையில்லை, கம்பி இணைப்பு மட்டும் போதும். ஆனால் பெரும்பாலான அட்டைகள் தம்மைக் கழற்றக்கூடிய ஊடகம் என்று அறிவித்துக்கொள்கின்றன. எக்ஸ்பி போன்றவை அப்படிப்பட்ட வட்டில் பல பார்ட்டிஷன்களை ஏற்பதில்லை. நிலையான வட்டாக அறிவிக்கும் தொழிலக வகை அட்டைகள் கிடைக்கின்றன, விலைதான் கூடுதல்.

லிப்ரெட்டோவுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அதன் பயாஸ், கணினி உறக்கத்துக்குப் போகும்போது நினைவகத்தை வட்டின் கடைசிப் பகுதியில் கொட்டி வைக்கும், அங்கே என்ன இருக்கிறது என்று கேட்காமலே. வட்டு முழுவதையும் பார்ட்டிஷனாக்கியவர்கள் முதல் உறக்கத்துக்குப் பிறகு கோப்புகளை இழப்பார்கள்.

வலைவழியே தொடங்குவது

டிரைவே இல்லாத கணினியை வேண்டுமென்றே வடிவமைத்தவர்கள் தந்த விடை இது. 1980களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் வட்டில்லாப் பணிநிலையங்கள் தம் முகவரியையும் கெர்னலையும் வலையிலிருந்தே பெற்றன. 1985 செப்டம்பரில் பூட்பி நெறிமுறை வெளியானது. கோப்பைக் கடத்த டிஎஃப்டிபி அதற்கு முன்பே இருந்தது. பிசி உலகில் வலையட்டையின் ரோம் துளையில் சிப் செருகுவது வழக்கமாக இருந்து, 1999இல் இன்டெலின் பிஎக்ஸ்இ 2.1 பொதுத் தரமாக நிலைபெற்றது. ஈத்தர்பூட், அதன் வழிவந்த ஐபிஎக்ஸ்இ ஆகிய திறந்த மூலத் திட்டங்கள், ரோமில் வசதி இல்லாத அட்டைகளையும் இந்த வட்டத்துக்குள் இழுத்தன.

கணினி அதற்கு ஏற்றதாக இருந்தால் இதைவிடச் சுத்தமான வழி இல்லை. கழற்றுவது, மாட்டுவது எதுவும் வேண்டாம். வட்டு முற்றிலும் இல்லாவிட்டாலும் வலையில் உள்ள கோப்பகத்தையே வேராகக் கொண்டு லினக்ஸை ஓட்டலாம். இரண்டாம் கட்டச் சிக்கலும் இங்கே மிதமானது: கெர்னலுக்கு அந்த வலையட்டையின் டிரைவர் தெரிந்தால் மூலக்கோப்புகள் தொடர்ந்து வரும். லினக்ஸ் நிறுவிகளில் பழைய அட்டைகளின் டிரைவர்கள் பெரும்பாலும் உண்டு.

ஆனால் கணினி அதற்கு ஏற்றதாக இருப்பதே அரிது. பிசிஎம்சிஐஏ வலையட்டையில் தொடக்க ரோம் கிடையாது. பயாஸ் எழும் நேரத்தில் அந்தத் துளையே விழித்திருப்பதில்லை. வைஃபை இந்தப் பேச்சிலேயே வராது. டிஎஃப்டிபியின் பழைய வடிவம் 512 பைட்டுத் துண்டுகளை 16 பிட் எண்ணால் எண்ணுவதால் ஏறத்தாழ 32 எம்பியைத் தாண்டிய கோப்பில் தடுமாறும். துண்டின் அளவைக் கூட்டும் வசதி 1995இல் வந்தது, பழைய ரோம்களுக்கு அது தெரியாது. வீட்டு ரவுட்டர் ஏற்கெனவே முகவரி வழங்கிக்கொண்டிருக்க, இரண்டாவதாக ஒரு டிஎச்சிபி சர்வரை அதே வலையில் நிறுத்தினால் யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒருமுறை வேலை செய்யும், மறுமுறை செய்யாது. இரு கணினிகளையும் தனிக் கம்பியால் நேராக இணைப்பதோ, டிஎன்எஸ்மாஸ்க்கின் பிராக்சி முறையைப் பயன்படுத்துவதோ இதைத் தவிர்க்கும்.

உள்ளிருந்தே மாற்றுவது

கணினியில் ஏதோ ஒரு பழைய இயங்குதளம் இன்னும் எழுந்து நிற்கிறது என்றால் பயாஸின் தயவே தேவையில்லை. ஹான்ஸ் லெர்மன் எழுதிய லோட்லின், டாஸ் கட்டளை வரியிலிருந்தே லினக்ஸ் கெர்னலை நினைவகத்தில் ஏற்றி, டாஸை ஓரங்கட்டிவிடும். விண்டோஸ் எக்ஸ்பியின் பூட் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் கிரப்ஃபார்டாஸ் என்ற ஏற்றி எழும். டெபியன் நிறுவியில் ஹார்டு டிஸ்கிலிருந்தே ஓடுவதற்கென்று ஒரு வகை உண்டு. அது வட்டின் பார்ட்டிஷன்களைத் துழாவி அங்கே கிடக்கும் ஐஎஸ்ஓ கோப்பைக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஓடும் லினக்ஸ் கெர்னலே இன்னொரு கெர்னலைத் தொடங்கும் கெக்செக் வசதி 2005இல் 2.6.13 பதிப்பில் சேர்ந்தது.

இரண்டாம் கட்டச் சோதனையில் தேறுவது இந்த வழிதான். மூலக்கோப்புகள் இருப்பது ஹார்டு டிஸ்கில். அதற்கான டிரைவர் எப்படியும் நிறுவியில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் எங்கே நிறுவுவது? வேறு எந்த ஊடகத்துக்கும் இந்த உத்தரவாதம் இல்லை.

எதிர்வாதம் எல்லோருக்கும் தெரிந்தது: நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிமரத்தை வெட்டுவதுபோல, நாம் ஓடிக்கொண்டிருக்கும் பார்ட்டிஷனையே அழித்து எழுத நேர்கிறது. இதற்குக் கையாளப்படும் உத்தி எளிமையானது. பின்னால் ஸ்வாப் இடமாகப் போகும் பகுதியை முதலில் சாதாரண பார்ட்டிஷனாக உருவாக்கி நிறுவல் கோப்புகளை அதில் வைப்பது, மீதி இடத்தில் நிறுவுவது, புதிய அமைப்பு எழுந்ததும் அந்தப் பகுதியை ஸ்வாப்பாக மாற்றுவது. வட்டில் ஓரங்குலம்கூட வீணாவதில்லை. விண்டோஸ் 98இல் இந்தப் பிரச்சினையே இல்லை. நிறுவல் கோப்புறை அதே சி டிரைவில் இருக்கலாம். கணினி விற்ற நிறுவனங்கள் பலவும் விண்டோஸ் கோப்புறைக்குள் ஆப்ஷன்ஸ், கேப்ஸ் என்ற அடைவில் அந்தக் கோப்புகளை விட்டுச் சென்றிருப்பதால், மறு நிறுவலுக்கு வேண்டியது ஏற்கெனவே உள்ளேயே இருக்கக்கூடும். வட்டை அழிப்பதற்கு முன் அந்த அடைவைத் தேடிப் பார்ப்பது நல்லது.

இந்த வழியின் உண்மையான வரம்பு நினைவகம். நிறுவியின் பிம்பம் முழுவதும் ரேமில் விரிய வேண்டும். 16 அல்லது 32 எம்பி ரேம் உள்ள கணினியில் இன்றைய லினக்ஸ் நிறுவிகள் பொதுவாக விரியா. அந்தக் காலத்து நிறுவியைத்தான் தேட வேண்டும்.

கம்பி வழியே கொண்டுவருவது

டாஸ் மட்டும் எழுகிறது, கோப்பை உள்ளே கொண்டுவர எந்த வழியும் இல்லை என்ற இக்கட்டுக்கு 1993இல் எம்எஸ்-டாஸ் 6 தந்த விடை இன்றும் வியப்பூட்டுவது. அதன் இன்டர்லிங்க், இன்டர்சர்வர் நிரல்கள் இரு கணினிகளை சீரியல் அல்லது பேரலல் கேபிளால் இணைத்து, ஒன்றின் டிரைவை மற்றதில் காட்டும். ஆனால் அந்த நிரல்களே மறுபக்கம் இல்லையே? இன்டர்சர்வரை ஆர்காப்பி என்ற விருப்பத்தோடு ஓட்டினால், எதிர்க்கணினியில் இரண்டு வரிகள் மட்டும் தட்டச்சு செய்யச் சொல்லும். ஒன்று, மோட் கட்டளையால் சீரியல் துளையின் வேகத்தை 2400 ஆக்குவது. மற்றொன்று, சிடிடிஒய் கட்டளையால் விசைப்பலகைக்குப் பதில் அந்தத் துளையிலிருந்தே கட்டளைகளை ஏற்கச் செய்வது. அதன்பின் அனுப்பும் கணினி, பெறும் கணினியில் தானே தட்டச்சு செய்வதுபோல நிரலை அங்கே எழுதிவிடும். பிடிபி-8இன் விசைகளைத் தள்ளிய மனிதரின் வேலையைக் கம்பி செய்கிறது. இந்த வசதியைப் பயன்படுத்த, பெறும் கணினியின் வட்டில் மோட் நிரல் இருந்தாக வேண்டும்.

வேகம்தான் தடை. பழைய பிசியின் சீரியல் துளை எட்டக்கூடிய உச்சம் நொடிக்கு 1,15,200 பிட், அதாவது 11.5 கேபிக்குச் சற்று மேல். 30 எம்பி நிறுவல் கோப்புகளுக்கு முக்கால் மணி நேரம். 600 எம்பி சிடியின் உள்ளடக்கத்துக்குப் பதினான்கு மணி நேரத்துக்கும் மேல். பேரலல் கேபிள் இதைவிடப் பல மடங்கு விரைவு. ஒருமுறை செய்யும் வேலைக்கு இரவு முழுவதும் ஓடவிடுவது ஏற்கத்தக்கதா என்பது அவரவர் பொறுமையைப் பொறுத்தது. பாதியில் கம்பி அசைந்தால் முதலிலிருந்து தொடங்காமலிருக்க, கோப்புகளைச் சிறு துண்டுகளாக அனுப்புவது வழக்கம்.

இடைத்தரகு நிரல்கள்

பயாஸுக்குத் தெரியாததை இன்னொரு சிறு நிரல் கற்றுத்தரட்டும் என்பது கடைசித் தரப்பு. எல்மார் ஹன்ல்ஹோஃபர் எழுதிய பிளாப் பூட் மேனேஜர் தன் சொந்த யுஎஸ்பி டிரைவரைக் கொண்டு, பயாஸ் அறியாத பென் டிரைவிலிருந்தும் தொடங்கிவிடும். ஹார்டு டிஸ்கில் வைத்தோ கிரப் என்ற ஏற்றியின் வழியோ அதை எழுப்பலாம். துளை யுஎஸ்பி 1.1 என்றால் நொடிக்கு ஏறத்தாழ ஒரு எம்பிதான் வரும். பாதுகாக்கப்பட்ட நிலைக்கு மாறியதும் பிளாப்பின் உதவி முடிந்துபோகிறது. எக்ஸ்பி நிறுவி பென் டிரைவைத் தொலைத்துவிட்டு நிற்பது இதனால்தான். லினக்ஸுக்கு இது சிக்கலல்ல.

இன்னும் பழைய கணினிகளுக்கு எக்ஸ்டிஐடிஇ யுனிவர்சல் பயாஸ். இதை ஒரு சிப்பில் எழுதி, பழைய வலையட்டையின் காலி ரோம் துளையில் செருகினால், பயாஸ் எழும்போது அதையும் கண்டுபிடித்து ஓட்டும். 504 எம்பி எல்லையும் விலகும். முதல் ஐபிஎம் பிசிக்களில் 1982 அக்டோபர் 27 தேதியிட்ட பயாஸுக்கு முந்தையவை இப்படிக் கூடுதல் ரோம்களைத் தேடுவதே இல்லை. அவற்றில் பயாஸ் சிப்பையே மாற்ற வேண்டும்.

முடிவாகாதவை

வழிகளைத் தரம் பிரிப்பதில் ஓரளவு தெளிவு சாத்தியம். உள்ளே ஏதோ ஓர் இயங்குதளம் உயிரோடு இருந்தால் அதைக் கொண்டே தொடங்குவதும், இல்லாவிட்டால் வட்டைக் கழற்றி நிறுவல் கோப்புகளை மட்டும் வைத்துத் திருப்பி மாட்டுவதும் பிற வழிகளைவிடக் குறைவாகவே தோற்கும் என்று கொள்ளலாம். பிஎக்ஸ்இ உள்ள கணினிக்கு வலைவழி இவற்றுக்கு ஈடானது. எதை நிறுவுவது என்பதில் அவ்வளவு தெளிவு இல்லை.

விண்டோஸ் 98க்கான ஆதரவு 2006 ஜூலை 11இலும், எக்ஸ்பிக்கானது 2014 ஏப்ரல் 8இலும் முடிந்தன. லினக்ஸ் கெர்னல் 2013இல் 3.8 பதிப்போடு 386 செயலியைக் கைவிட்டது. டெபியன் 2017இல் முதல் பென்டியத்தை விட்டு விலகி, 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில் 32 பிட் பிசிக்கான நிறுவியையே நிறுத்திவிட்டது. நெட்பிஎஸ்டி இன்னும் 486 வரை இறங்கி வருகிறது. இன்றைய மென்பொருளைக் கேட்பவருக்கு வாசல் குறுகிக்கொண்டே போகிறது. அன்றைய மென்பொருளையே வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு வேறு வகை இடையூறு. பழைய டெபியன் பதிப்புகள் காப்பகத்தில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் தொகுப்புப் பட்டியல்கள் சில தேதி கடந்துவிட்டதாக நிராகரிக்கப்படுகின்றன, கையெழுத்துச் சாவிகள் காலாவதியாகிவிட்டன, அந்தக் காலத்து உலாவிக்கும் இன்றைய இணையத்தளங்களின் மறையாக்கத்துக்கும் ஒத்துப்போவதில்லை. பலகையில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்த கணினி ஒவ்வொரு முறையும் 1980க்கோ 1990களுக்கோ போய் எழும். அப்போது சரியான சான்றிதழும் இன்னும் தொடங்காத ஒன்றாகத் தெரியும். கடிகாரத்தைக் கையால் திருத்திவிட்டு நிறுவலைத் தொடங்குவது இந்த ஒன்றைத் தீர்க்கும்.

காலாவதியான கையெழுத்துகளைச் சரிபார்க்காமல் ஏற்கலாமா, அல்லது வலையிலிருந்து முற்றிலும் துண்டித்துவிட்டு முழு வட்டுப் பிம்பங்களிலிருந்து மட்டும் நிறுவலாமா என்பதில் இரு தரப்பு உண்டு. முதல் தரப்பு வசதியைச் சொல்கிறது; இரண்டாம் தரப்பு, பழைய கணினி வலையில் இருந்தாக வேண்டிய தேவை என்ன என்று கேட்கிறது. கட்டுப்பாட்டுக் கருவியோ அளவீட்டு இயந்திரமோ ஓட்டும் கணினிக்கு இரண்டாம் தரப்பின் வாதம் வலுவானது. அன்றாட வேலைக்கு அதே கணினியை வைத்திருக்க விரும்புபவருக்கு இரு தரப்பும் இதுவரை நிறைவான விடை தரவில்லை.